மூஞ்சிய பாக்கல

மொதல்ல அந்தப் பசங்கள வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லுண்ணா. கொயந்த இப்பதான் தூங்குது. அத்தினி வண்டிய ஒண்ணா உறும வுட்டுகினு வாசல்ல நின்னா தெருவே ஜன்னலத் தெறந்து பாக்குது பாரு. ஹாங், இப்பதான் நீ பேசறது காதுல வியுது. குந்துண்ணா. அந்தச் சேரு ஆடும், இப்பிடிக் கட்டில்ல குந்து.

தெரியும்ண்ணா, நீ எங்களுக்காகத்தான் அலையிற. வக்கீலு புட்ச்சிக் குட்த்தது நீ. ஸ்டேசனாண்ட வெயில்ல காஞ்சது நீ. ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தலவருன்னா துரைராஜண்ணன் மாரி இருக்கணும்னு மருமவ கூட சொன்னா. ஜெயஸ்ரீ பின்கட்டுலதான் கீறா. பாலகுருவ போலீஸு இட்டுகினு போனதுலேந்து ஒரு வாய் சோறு உள்ள எறங்கல அவளுக்கு. எம் புருசன் பேர எவன் சொன்னானோ அவன் வெளங்கவே மாட்டான்னு மண்ண வாரித் தூத்திட்டா. நா இன்னா சொல்றது. கேட்டுகினு நின்னேன்.

இல்லண்ணா, இப்பவே போவ வோணாம். அகரம் ரோட்டு லைன் வூட்ல கீற ஒடிசாக்காரங்க எங்கியும் ஓடிட மாட்டாங்க. ஓடறதுக்கு அவங்களுக்கு எடம் ஏது? இன்னான்ற? அந்தப் பொம்பளதான் ஆஸ்பத்திரில படுத்துகினே பேரச் சொல்லியிருக்கா, அத்தினி பேரயும் மூட்டையக் கட்ட வெச்சி ரயில் ஏத்திட்டுதான் வருவோம்ன்ற. நானும் வந்து முன்னால நிக்கணும்ன்ற. பெத்தவ நின்னா போலீஸு பசங்க மேல கை வெக்காது. சர்தான். நல்லாத்தான் யோசிச்சிகீறீங்க.

வரணும்னா வரேன். அதுக்கு முன்னால ஒண்ணு. அன்னைக்கி நீ இங்க இல்ல, திருத்தணிக்கிக் காவடி எட்த்துகினு போயிருந்த. உனக்கு நடந்தத சொன்னதெல்லாம் அங்க கூட்டத்துல நின்னவனுங்க. அவனுங்க அவனுங்களுக்கு ஏத்த மாரிதான சொல்லியிருப்பானுங்க? நா கண்ணால பாத்தவ. கேட்டுட்டு அப்பால நீ இன்னா சொல்றியோ சொல்லு.

அந்தப் பொண்ணு பேரு தெரியுமா உனக்கு? தெரியாதில்ல. ஹிந்திக்காரி, அவ்ளோதான். எனக்கும் மொதல்ல அப்டித்தான். கேம்ப் ரோட்டு முக்குல என் மீன் கூடையாண்ட வந்து நின்னா. ஏ ஹிந்தி, இன்னா வோணும்னேன். நெஞ்சுல கைய வெச்சி, ஹிந்தி இல்ல, ஒடியான்னா. மெதுவாத்தான் சொன்னா, ஆனா வுட்டுக் குட்க்கல. பேரு இன்னான்னு சைகைல கேட்டேன். சுகந்தின்ற மாரி இன்னமோ சொன்னா. அடிப்பாவி, இது எங்கூட்டுப் பேராச்சேன்னு சிரிச்சிட்டேன். நா ஏன் சிரிக்கிறேன்னு அவளுக்குப் புரியல. அவளும் சிரிச்சா.

மீன அவ தூக்கிப் பாத்த தினுசுலயே எனக்குத் தெரிஞ்சிபோச்சி. செவுளப் பிரிச்சி பாத்தா, கண்ண அமுக்கிப் பாத்தா, தலய வெட்டிப் போட்டுடாத, எனக்குத் தல வோணும்னு கைய ஆட்டினா. நம்ம ஊர்ல அடுக்குமாடிக்காரங்க தலையப் பாத்தாலே மூஞ்சிய திருப்பிக்குவாங்க. இவ கடக்கரைக்காரி. நா கோவளத்துக் குப்பத்துக்காரி. பாஷை எதுக்கு எங்களுக்கு? கைய ஒசரத் தூக்கி, கடலு வந்துச்சி, வூட்டத் தின்னுட்டுப் போச்சின்னு சுனாமியக் காமிச்சேன். அவ ரெண்டு கையயும் சொய்ட்டி, வாயால உஸ்ஸு உஸ்ஸுன்னு ஊதி, காத்து, எங்க வூட்டக் காத்து எட்த்துகினு போச்சின்னு காமிச்சா. ரெண்டு பேரும் ரோட்டோரம் குந்திகினு கைய ஆட்டி ஆட்டி வூடு போன கதயப் பேசறோம், ஸ்டாண்டுப் பசங்கள்லாம் பாத்து சிரிக்கிறானுங்க. நம்ம பாலகுருவும்தான். அம்மா ஹிந்தி கத்துகினு கீதுடான்னு.

ஒரு நாளு டப்பால மீனு கொயம்பு கொண்டாந்தா. கடுகு அரைச்சி ஊத்தின கொயம்பு. வாய்ல வெச்சதும் மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வந்துச்சி. தூன்னு துப்பக்கூடாதேன்னு முயுங்கினேன். பதிலுக்கு நம்ம புளிக்கொயம்பு குட்த்தேன், அவ மூஞ்சியும் கோணிகினு போச்சி, ஆனா சூப்பருன்னா. அந்த ஒரு இங்கிலீசு வார்த்த எங்க ரெண்டு பேருக்கும் பொது. அப்பால எனக்கு அந்தக் கடுகுக் கொயம்பு பயகிட்சி. நானே கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பிச்சேன். என்ன மவுசி மவுசின்னு கூப்டுவா. அவங்க பாஷைல சின்னம்மான்னு அர்த்தமாம். அந்த வார்த்தைய மட்டும் மறந்துடாதண்ணா.

வரேன் வரேன், அன்னைக்கி நடந்ததுக்குத்தான் வரேன். உன் போன் அட்ச்சிகினே கீது பாரு. யாரு, வெளிய நிக்கிறவனா? பத்து நிமிசம் பொறுடான்னு சொல்லு. இத்தினி நாளு பொறுத்தவனுங்க.

அந்த லைன் வூட்லயே ஷீலான்னு ஒரு பொண்ணு குடியிருக்கு. சர்ச்சுக்குப் போற பொண்ணு, தாம்பரத்துல துணிக் கடையில நிக்கிது. புருசன் கப்பல்ல வேல செய்றாரு, எப்பவாவதுதான் வருவாரு. அதுக்கு ஒரு பொட்டக் கொயந்த, ஈவ்லின்னு பேரு. ஷீலா வேலக்கிப் போனா கொயந்த சுகந்திகூடத்தான் இருக்கும். சொந்தத்துல யாரும் பாத்துக்க மாட்டேன்னுட்டாங்க, பக்கத்து வூட்டுக்காரி பாத்துகினா. கொயந்தைக்குத் தமிழு பாதி, ஒடியா பாதி. சோறு கேக்கறது அந்த பாஷைல, சண்ட போடறது நம்ம பாஷைல. சுகந்திய அதுவும் மவுசின்னுதான் கூப்டும்.

இப்ப அந்த வாரத்த நெனச்சிப் பாரு. உனக்கும் வந்திருக்கும் அந்த வாய்ஸ் மெசேஜு. வடக்கேந்து கொயந்த புடிக்கிற கும்பலு எறங்கிகீது, பொம்பளைங்கதான் தூக்கறாங்க, மயக்க மருந்து குட்க்கிறாங்க, கிட்னிய எட்த்துட்றாங்கன்னு. யாரோ ஒருத்தன் அயுதுகினே பேசுவான். கூடவே ஒரு வீடியோ வேற, எந்த ஊருதோ, நம்ம ஊரு பேரப் போட்டு வுட்டுட்டானுங்க. போலீஸு பொய்யின்னு சொல்லிச்சி. யாரு கேட்டா?

பாலகுரு ரொம்ப பயந்துட்டாண்ணா. அத்த நா உனக்குச் சொல்லணும். அவன் ரவுடி கெடையாது, உனக்கே தெரியும். சவாரிய வுட்டுட்டு பால்வாடி வாசல்ல போயி வண்டியப் போட்டுகினு குந்திகினு இருப்பான். வூட்டுக்கு வந்தா அவன் பொண்ண மடிய வுட்டு எறக்க மாட்டான். ஒரு நாளு சோறு துன்னுகினு கீறப்போ, அம்மா, அந்த ஹிந்திக்காரி ஒரு கொயந்தையத் தூக்கிகினு சுத்துறாளே, அது யாரு கொயந்தன்னு கேட்டான். அது ஷீலா கொயந்தடான்னேன். தலய ஆட்னான். காதுல ஏறிச்சோ ஏறலயோ. அப்பவும் அவன் கையில போனுதான்.

அன்னைக்கி சாய்ங்காலம் நல்லா வெளிச்சம். ஷீலா சீக்கிரம் வரேன்னு சொல்லியிருந்துச்சி போல. கொயந்த அம்மா வோணும்னு அடம் புட்ச்சதால, சுகந்தி அத்தத் தூக்கிகினு கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்புல வந்து நின்னா. நா ரோட்டுக்கு இந்தாண்ட ஒரு அம்மாக்கு வஞ்சரம் துண்டு போட்டுகினு கீறேன். அந்தாண்ட கொயந்த ஒரேயா கத்துது, காலால ஒதைக்குது, கீய எறங்கறேன்னு முறுக்கிக்குது. அந்த வயசு கொயந்த எது அயுவாது? உன் பேத்தி அயுவாதா?

எவனோ ஒருத்தன் கேட்டான், இது யாரு கொயந்தன்னு. பஸ் ஸ்டாப்புல பூ விக்கிற அம்மா எனக்கு அப்பால சொன்னதெல்லாம் சேத்துத்தான் சொல்றேன். சுகந்திக்குத் தெரிஞ்ச தமிழுல, ஷீலா பாப்பா, ஷீலா பாப்பான்னா. பாத்தியா, தன்னுது இல்லன்னு அவளே சொல்றாடான்னு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், கொயந்த கய்த்துல சிலுவ, இவ நெத்தி வகுடெல்லாம் செந்தூரம், எப்டிடா சேரும்னான். நாலு பேரு நாப்பது பேரா ஆயிட்டானுங்க. ஒருத்தன் கொயந்தைய வெடுக்குன்னு புடுங்கிகினான்.

அப்பதாண்ணா அந்தக் கொயந்த வீல்னு கத்திச்சி. மவுசி, மவுசின்னு. ரெண்டு கையயும் நீட்டிகினு, அவகிட்ட போவணும், என்ன வுடுன்னு கத்துது. அங்க நிக்கிற ஒருத்தனுக்கும் அந்த வார்த்த தெரியல. கொயந்தைக்கு மருந்து குட்த்து பாஷையே மாத்திட்டாளுங்கடான்னு ஒருத்தன் சொன்னான்னா பாத்துக்கோ. கொயந்த சொன்னது வெளங்கினது எனக்கு ஒருத்திக்குத்தான். நா ரோட்டுக்கு இந்தாண்ட மாட்டிகினு கீறேன், நடுவுல பஸ்ஸு நிக்கிது.

கத்திய அப்டியே போட்டுட்டு ஓடினேன். கையெல்லாம் செதிலு, ரத்தம். உடுங்கடா, எனக்குத் தெரிஞ்ச பொண்ணுடா, நம்ம ஷீலா கொயந்தடான்னு கத்தறேன். இத்தினிக்கும் இந்த முக்குல எத்தினி வருசமா மீனு விக்கிறேன், அத்தினி பேருக்கும் என்னத் தெரியும். ஏ மீன்காரம்மா, நீயும் இவளுக்குக் கூட்டான்னு ஒருத்தன் நெஞ்சுல கைய வெச்சித் தள்ளினான். வியுந்தேன். எய்ந்து மறுக்கா உள்ள பூந்தேன். மொயங்கையால இடிச்சி, கால மிதிச்சி எப்டியோ நடுவுல போயிட்டேன்.

கீய கெடந்தா. சேல பாதி அவுந்து, முடியெல்லாம் மூஞ்சி மேல. கைய தலைக்கி மேல வெச்சிகினு கீறா. அட்ச்சவனுங்க செருப்பால அட்ச்சானுங்க, காலால ஒதச்சானுங்க. ஒருத்தன் கையில ஜாக்கி ராடு இருந்துச்சி. அது மேல போறத மட்டும்தான் மொதல்ல பாத்தேன். அப்பால அந்தக் கையப் பாத்தேன். சின்னதுல கொதிக்கிற கஞ்சி கொட்டின தயும்பு முட்டி வரைக்கும் இருக்கும் அந்தக் கையில. டே குருன்னு கத்தினேன். எறங்கிட்சி.

அந்த சத்தம் இன்னும் என் காதுல கீதுண்ணா.

ஆமா. அவன்தான். உனக்குத் தெரியாத மாரி ஏன் தலையக் குனியிற? ஸ்டாண்டுல அத்தினி பேருக்கும் தெரியும். உனக்கும் தெரியும். தெரிஞ்சிதான வக்கீலு புட்ச்ச.

நா கத்தினது அவன் காதுல வியுந்துச்சி. திரும்பினான். என்னப் பாத்தான், நானும் பாத்தேன். நா அவ மேல போயி கவுந்து படுத்துட்டேன். என் முதுகுல கூட ரெண்டு ஒதை வியுந்துச்சி, யாருதுன்னு தெரியல. அதுக்குள்ள அடுத்து வந்த பஸ்ஸுலேந்து ஷீலா எறங்கிச்சி. கொயந்த கத்தறத கேட்டு ஓடியாந்து, என் பாப்பா, என் பாப்பான்னிச்சி. உடனே கூட்டம் கைய தட்டிச்சிண்ணா. மெய்யாலுமே கை தட்னானுங்க. இந்தாம்மா உன் கொயந்த, காப்பாத்திட்டோம்னு தூக்கிக் குட்த்தானுங்க. ஒருத்தன் செல்லுல படம் வேற எட்த்தான். ஷீலா கொயந்தைய வாங்கிகினு கீய பாத்திச்சி. எங்கக்காடா இது, எங்க வூட்டு அக்காடா, இன்னாடா பண்ணீங்கன்னு தலைல அட்ச்சிகிச்சி. அவ்ளோதான். அத்தினி பெரிய கூட்டம், கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள ரோடு காலி. செருப்புதான் நாலு கெடந்துச்சி.

மெடிக்கல் ஷாப்பு ஸ்ரீநிவாசராகவன் சாரு பேரச் சொல்லியிருப்பாருன்னு சந்தேகப்பட்டியே, அவரு அப்பதான் கதவத் தெறந்துகினு பஞ்சு எட்த்துகினு ஓடியாந்தாரு. நடக்கறப்போ ஷட்டர எறக்கிட்டாரு, பாவம், அவருக்கும் பயம். அவரு கேமராவுல முதுகா தெரியிது, முதுக வெச்சிகினு யாரச் சொல்றது? அவரு கடைக்கிக் கல்லு வுட்டீங்களாமே நேத்து. வோணாம்ண்ணா. அவரு சொல்லல.

வூட்டுக்கு வந்து பாத்தா இவன் கொயாய்ல கைய கய்விகினு நின்னுகினு கீறான். எவ்ளோ நேரமா கய்வினானோ. இன்னாடா பண்ணிட்டு வந்தன்னேன். கொயந்தைய தூக்கறவள சொம்மா வுடச் சொல்றியான்னான். அது சுகந்திடா, உனக்குக் கூட மீனு கொயம்பு குட்த்தாளேடான்னேன். ஆடிப் போயிட்டான். எனக்குத் தெரியாதும்மா, நா மூஞ்சிய பாக்கல, சத்தியமா மூஞ்சிய பாக்கலன்னான்.

மூஞ்சிய பாத்திருந்தா அட்ச்சிருக்க மாட்டியாடான்னு கேட்டேன். வேற எவளாவது இருந்திருந்தா பரவால்லயாடான்னேன். அவன் பொண்ண வாரி மடியில போட்டுகினு அயுதான். நானும் அயுதேன். நா இன்னா கல்லா?

இதே சேலையூர்ல நாங்க சுனாமிக்கி அப்பால வந்து எறங்கினப்போ, மீன்காரங்களுக்கு வூடு இல்லன்னு எத்தினி கதவ சாத்தினாங்க தெரியுமா? நாத்தம்னாங்க. திருட்டுக் கும்பலுன்னாங்க. ஒரு தபா ஒரு வூட்ல கொலுசு காணம்னு இவன இட்டுகினு போயி தூண்ல கட்டி வெச்சிட்டாங்க. அப்ப இவன் இஸ்கூலு படிக்கிற பையன். கொலுசு மெத்தைக்கு அடியிலேயே இருந்துச்சி. அவுத்து வுட்டப்போ இவன் கேட்டான், ஏம்மா, ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமில்லன்னு. அந்தப் புள்ளதாண்ணா இது.

குந்துண்ணா, முடிச்சிட்றேன். ஏன் அவனுங்க மறுக்கா வண்டிய கெளப்பறானுங்க? நீ போயி சொல்லிட்டு வா. வந்துட்டியா. கட்டையெல்லாம் எட்த்துகினு வந்திகீறானுங்க போல. ஜன்னல்ல தெரியிது. அந்த லைன் வூட்ல அந்தக் கொயந்த ஈவ்லினும்தான் கீது, தெரியுமில்ல உனக்கு? எவன் கையில கீற கட்ட எங்க வியும்னு எவனுக்குத் தெரியும்.

சுகந்தியப் பாக்க நா தெனம் குரோம்பேட்ட பெரியாஸ்பத்திரிக்கிப் போனேன். மொதல்ல கண்ணே தெறக்கல. எடது கை ஒடஞ்சி கட்டு, தலைல தையலு, ஒரு காது கேக்காதுன்னுட்டாங்க. அவ புருசன் செவுத்தோரமா குந்திகினு என்னப் பாத்தா கும்புடுவான். நா யாரு பெத்தவன்னு தெரியாம கும்புட்றான். அந்தக் கும்புடுக்கு நா இன்னா பண்றது சொல்லு?

முந்தாநாளு கண்ணத் தெறந்து பேச ஆரம்பிச்சா. போலீஸ்காரங்க வந்தாங்க. ஷீலா அவங்க சர்ச்சுலேந்து அருள்மேரி சிஸ்டர இட்டாந்துச்சி, அவங்க ஒடிசாவுல ரொம்ப வருசம் இருந்தவங்க, அந்த பாஷை நல்லா தெரியும். போலீஸு கேக்கறத சிஸ்டரு அவளுக்குச் சொல்றாங்க, அவ சொல்றத இவங்களுக்குச் சொல்றாங்க. நா கால்மாட்ல நிக்கிறேன். ராடால அட்ச்சவன் யாரு, பாத்தா அடையாளம் தெரியுமான்னு கேட்டாங்க. அவ என்னப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தா. அப்பால தலய இப்பிடி அப்பிடி ஆட்டினா. சிஸ்டரு சொன்னாங்க, கூட்டமா இருந்துச்சாம், மூஞ்சிய பாக்கலியாம்.

கேட்டியாண்ணா? அவ பேரு குட்க்கல. நீங்க யாரு மேல கட்டய தூக்கிகினு போவப் போறீங்களோ, அவ வாயே தெறக்கல.

இரு, இன்னும் கீது. போலீஸு போயிட்சி, சிஸ்டரும் ஷீலாவும் டாக்டரப் பாக்கப் போயிட்டாங்க. என்னக் கிட்ட கூப்டா. குனிஞ்சேன். அவளுக்குத் தெரிஞ்ச தமிழு கொஞ்சமில்ல, அத்தத் தேடித் தேடி எட்த்து சொன்னா. மவுசி. புள்ள ஒண்ணுன்னா. ஒரு வெரலத் தூக்கிக் காமிச்சா. எனக்கு ஒரே புள்ளன்றா, புரியிதா? நா பாக்கலன்னா. சொல்லிட்டு என் கைய எட்த்து அவ கன்னத்துல வெச்சிகினா. மீனு நாத்தம் அடிக்கிற இந்தக் கைய.

பாத்திருக்காண்ணா. அடி வியறப்போ பாத்திருக்கா. பாத்தவ பாக்கலன்றா. இவன் பாக்காமயே அட்ச்சிட்டான்.

இல்ல, நா அயுவல. சொல்றேன். நீ இன்னா சொல்ல வரன்னு தெரியும். அவளே வுட்டுட்டான்னா நமக்கு நல்லதுதான, கேஸு நிக்காதுன்றது தான? நானும் அப்டித்தான் நெனச்சேன். வார்டுலேந்து வாசப்படி வரைக்கும் அப்டித்தான் நெனச்சிகினு வந்தேன். தெய்வமேன்னு கும்புடக் கூட கும்புட்டேன். எம் புள்ள தப்பிச்சான்னு. அப்பால வெளிய வெயில்ல நிக்கிறப்போ, அவ புருசன் டீ வாங்கிகினு வந்து குட்த்தான். நாளைக்கும் வருவீங்களா மவுசின்னான். அந்த டீய அப்டியே செவுத்து மேல வெச்சிட்டு நடந்தேன்.

அவ இங்கதான இருப்பா, அதே ரோட்டுல தான நடப்பா. ஸ்டாண்டுல அவன் வண்டி நிக்கிம். அவ தலையக் குனிஞ்சிகினு போவணும், இவனும் தலையக் குனிஞ்சிகினு குந்தியிருக்கணும், நடுவுல நா மீனு வெட்டிகினு இருக்கணும். யாருமே ஒண்ணுமே பேசாம. எத்தினி வருசத்துக்கு? பேச்சு இல்லாமத்தான இவ்ளோ ஆச்சி. யாரும்மா நீ, எங்க போறன்னு நின்னு கேக்க ஒருத்தனுக்கும் பொறும இல்லாமத்தான அந்த ரோட்ல ரத்தம் வியுந்துச்சி.

அப்போ பேரச் சொன்னது யாருதான்னு கேக்கற. ஒடிசாக்காரங்க இல்ல, மெடிக்கல்காரரு இல்ல, ஷீலா அப்ப பஸ்ஸுல இருந்துச்சி. ஸ்டேசன்ல வக்கீலுக்கே சொல்ல மாட்டேன்னுட்டாங்க, அதான உனக்கு பேஜாரா கீது.

பஸ்ஸு ஏறினேண்ணா. நம்ம ஸ்டாப்புல எறங்காம ஸ்டேசனாண்ட எறங்கினேன். உள்ள ஒரு போலீஸ்காரம்மா, சின்ன வயசுதான். நடந்த அன்னைக்கே என்னக் கேட்டவங்க. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லம்மான்னு அன்னைக்கி சொல்லி அனுப்பிட்டேன். இன்னா மீன்காரம்மா, எதனா நெனப்பு வந்துச்சான்னாங்க. வந்துச்சின்னேன். ராடால அட்ச்சவன் பேரு பாலகுரு, ஆட்டோ ஓட்டறான்னேன். எயுதிகினாங்க. அப்பா பேருன்னாங்க. சொன்னேன், உசுரோட இல்லன்னேன். அம்மா பேருன்னாங்க. அங்காளம்மாள், நாந்தான்னேன். அவங்க பேனாவ கீய வெச்சிட்டு, எய்ந்து போயி தண்ணி கொண்டாந்து குட்த்தாங்க. குட்ச்சிட்டு வூட்டுக்கு வந்து சோறாக்கினேன். சாய்ங்காலம் வந்து இட்டுகினு போனாங்க.

எய்ந்துட்டியாண்ணா. கோவப்படு, பரவால்ல. வெளிய நிக்கிறவனுங்க கைல சொல்லு, பேரச் சொன்னவ வூட்டுக்கு அகரம் ரோடு வரைக்கும் போவத் தேவயில்ல, இங்கதான் கீறான்னு. கட்டயோட வரட்டும், நா எங்கியும் போவல. ஆனா கொஞ்சம் நேரம் குட்த்துட்டு அனுப்புண்ணா. பின்கட்டுக் கதவு தெறந்துச்சி பாரு. ஜெயஸ்ரீ கேட்டுட்டா. நா மொதல்ல அவகிட்ட பேசணும்.